சேருமிடத்தில் மாறும் எழுத்து

உரைநடைப் பகுதி: அறிவியல் கட்டுரை

நுழையுமுன்

சொற்கள் ஒன்றோடொன்று சேரும்போது எழுத்துகள் தோன்றுவதும் கெடுவதும் திரிவதும் உண்டு என்பது சென்ற பாடத்தில் புணர்ச்சி விதிகளாக இடம்பெற்றது. உயிருள்ள உடலுக்குள்ளும் இதையொத்த ஒரு புணர்ச்சி நாள்தோறும் நிகழ்கிறது. அதன் கதை ஒரு கோழிக்கூட்டில் தொடங்குகிறது.

எதிர்ப்பொருள் இல்லாத கோழிகள்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், 1950களின் நடுவே, ஒரு வகுப்பறைச் செய்முறை தோல்வியில் முடிந்தது. நோய்க்கிருமி உடலில் புகுந்தால் அதனை எதிர்க்கும் எதிர்ப்பொருள் குருதியில் உண்டாகும் என்பதை வகுப்பிற்குக் காட்ட விரும்பினார் திமோதி சாங் என்னும் ஆய்வு மாணவர். அதற்குக் கோழிகள் வேண்டியிருந்தன. உடன் பயின்ற புரூஸ் கிளிக் தம் ஆய்வுக்காகக் கோழிகள் வளர்த்துவந்தார். அவரிடம் சிலவற்றைப் பெற்று, சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிரியிலிருந்து எடுத்த பொருளை ஊசிவழியாகச் செலுத்தினார் சாங். கோழிகள் சில இறந்தன. எஞ்சியவற்றின் குருதியைச் சோதித்தால், அங்கே எதிர்ப்பொருளைக் காணவில்லை.

செய்முறை தவறிவிட்டது என்று எண்ணிக் கோழிகளைத் திருப்பி அனுப்பியிருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். ஆனால் இருவரும் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தனர். எதிர்ப்பொருளை உண்டாக்காத கோழிகள் யாவும், குஞ்சாக இருந்தபோதே கிளிக் ஓர் உறுப்பை அறுத்து நீக்கிய கோழிகள் எனத் தெரிந்தது. அவ்வுறுப்பு, கழிவாய்க்கு மேலே அமைந்த ஒரு சிறு பை. இத்தாலியின் பதுவா நகர உடற்கூற்றியலார் ஃபேப்ரீசியஸ் அதனை விவரித்த நூல், அவர் மறைந்தபின் 1621-இல் வெளிவந்திருந்தது. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அப்பை எதற்கு என்பதை யாரும் அறிந்திலர். கிளிக்கும் சாங்கும் எழுதிய கட்டுரையைப் புகழ்பெற்ற அறிவியல் இதழ் ஒன்று ஏற்கவில்லை. 1956-இல் கோழி வளர்ப்பு அறிவியலுக்குரிய இதழில் அது வெளிவந்தது. கோழி வளர்ப்பு இதழை மருத்துவ அறிஞர் யார் படிப்பார்? சில ஆண்டுகள் அது கவனிப்பாரின்றிக் கிடந்தது.

இன்று எதிர்ப்பொருளை உண்டாக்கும் வெள்ளையணுவுக்கு பி செல் என்று பெயர். பர்சா எனப்படும் அக்கோழிப் பையின் முதலெழுத்தே அந்த பி. மனிதருக்கு அப்பை இல்லை; நம் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. ஆங்கிலத்தில் எலும்பைக் குறிக்கும் சொல்லும் அதே எழுத்தில் தொடங்குவதால் பெயர் இரண்டுக்கும் பொருந்திவிட்டது. தற்செயல்தான்!

ஏட்டில் இடமில்லாத எழுத்து

எதிர்ப்பொருள் ஒரு புரதம். உண்டிவில்லின் கவட்டை போன்ற வடிவுடையது. கனச் சங்கிலி இரண்டும் இலகு சங்கிலி இரண்டும் சேர்ந்து அதனை ஆக்குகின்றன. கவட்டையின் இரு நுனிகளே கிருமியைப் பற்றும் இடங்கள். ஒரு கிருமிக்குப் பொருந்தும் நுனி மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆகவே கோடிக்கணக்கான வடிவங்களில் நுனிகள் தேவைப்படுகின்றன. இதுவரை உலகில் தோன்றாத கிருமி நாளை தோன்றினாலும் அதற்கும் ஏதேனும் ஒன்று பொருந்தியாக வேண்டும்.

இங்கேதான் சிக்கல். ஒவ்வொரு புரதத்தின் அமைப்பும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் மரபணுவாக எழுதப்பட்டுள்ளது. அடினைன், சைட்டோசின், குவானைன், தைமின் என்னும் நான்கே எழுத்துகளால் ஆனது அவ்வெழுத்து. மனிதரிடம் புரதம் ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 மட்டுமே. இருபதாயிரம் மரபணுக்களைக் கொண்டு கோடி எதிர்ப்பொருள்களை எவ்வாறு எழுதுவது? எல்லா மரபணுக்களையும் இதற்கே ஒதுக்கினாலும் போதாது. பின்பு கண்ணுக்கும் குருதிக்கும் எலும்புக்கும் மரபணு ஏது?

ஒரு சங்கிலியை இரண்டு தனி மரபணுக்கள் சேர்ந்து எழுதக்கூடும் என்று வில்லியம் டிரேயர், கிளாட் பென்னட் என்னும் இருவர் 1965-இல் கூறினர். கருவில் அமைந்த டி.என்.ஏ. வாழ்நாள் முழுதும் எல்லாச் செல்லிலும் மாறாதிருக்கும் என்று நம்பிய காலம் அது. அவர்கள் கூற்றைப் பலர் ஏற்கவில்லை.

அதனைச் சோதித்துக் காட்டியவர் ஜப்பானியரான சுசுமு தொனேகாவா. கியோட்டோவில் வேதியியல் பயின்று அமெரிக்காவிற்கு மேற்படிப்புக்காகச் சென்றவர் அவர். 1970-இன் இறுதியில் விசாக் காலம் முடிந்ததால் அந்நாட்டை விட்டு நீங்கவேண்டியதாயிற்று. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் புதிதாகத் தொடங்கிய நோய் எதிர்ப்பியல் நிறுவனத்தில் இடம் கிடைத்தது. அத்துறை அவருக்குப் புதிது. எனினும் டி.என்.ஏ.வை வெட்டி ஆராயும் புதிய முறைகளை அவர் நன்கறிந்திருந்தார். அங்கிருந்த நோய் எதிர்ப்பியலார்க்கு அவை பழக்கமில்லாதவை. ஊர் மாறி வந்தவர் கையோடு கொண்டுவந்த பொருள் அதுவே எனலாம்.

1976-இல் அவரும் நொபுமிச்சி ஹொசூமியும் வெளியிட்ட ஆய்வு எளிமையானது. எலிக் கருவின் டி.என்.ஏ. ஒருபுறம், எதிர்ப்பொருள் சங்கிலியை மிகுதியாக ஆக்கும் எலிக்கட்டியின் டி.என்.ஏ. மறுபுறம். இரண்டையும் ஒரே நொதியால் துண்டு துண்டாக வெட்டினர். கருவில், சங்கிலியின் மாறும் பகுதியும் மாறாப் பகுதியும் இரு வேறு துண்டுகளில் இருந்தன. கட்டியின் செல்லில் இரண்டும் ஒரே துண்டில் இருந்தன. கருவில் தொலைவில் கிடந்தவை, பி செல் வளர்ச்சியின்போது இடையிலுள்ளதை விட்டு நெருங்கிச் சேர்ந்துவிட்டன என்பதே இதன் பொருள். மரபணு வெட்டப்பட்டு மீண்டும் ஒட்டப்படுகிறது. இதற்கு மறுசேர்க்கை என்று பெயர். 1987-இல் மருத்துவத்திற்கான நோபல் பரிசு தொனேகாவா ஒருவருக்கே வழங்கப்பட்டது.

மரமும் கிளையும்

மனிதரின் கனச் சங்கிலி மரபணு வி, டி, ஜே என மூவகைத் துண்டுகளாகக் கிடக்கிறது. பயன்படும் வி துண்டுகள் ஏறத்தாழ 40, டி துண்டுகள் 23, ஜே துண்டுகள் 6. வகைக்கு ஒன்றாக எடுத்துச் சேர்த்தால் 5,520 கனச் சங்கிலிகள் கிடைக்கும். இலகு சங்கிலிகளும் இவ்வாறே ஏறத்தாழ 320 வகையாக அமையும். இரண்டையும் பெருக்கினால் 17 லட்சத்திற்கு மேல் வரும். பெரிய எண்தான், ஆயினும் கோடியை எட்டவில்லை. மிச்சம் எங்கிருந்து வருகிறது?

துண்டுகள் சேரும் மூட்டிலிருந்து வருகிறது. இதனை விளக்கப் புணர்ச்சி இலக்கணமே போதும். வாழை, பழம் என்னும் சொற்கள் சேர்ந்தால் நடுவே ப் தோன்றுகிறது. மரம், வேர் சேர்ந்தால் ம் கெடுகிறது. மரமும் கிளையும் சேர்ந்தால் இரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன: ம் கெட்டு, க் தோன்றி, மரக்கிளை ஆகிறது.

பி செல்லிலும் இப்படியே. ராக்-1, ராக்-2 என்னும் இரு புரதங்கள் துண்டுகளின் ஓரத்தை அடையாளம் கண்டு வெட்டுகின்றன. டேவிட் பால்டிமோரின் ஆய்வுக்கூடத்தில் டேவிட் ஷாட்சும் மார்ஜோரி ஓட்டிங்கரும் 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் இவற்றிற்குரிய மரபணுக்களைக் கண்டறிந்தனர். வெட்டிய முனைகளை நொதிகள் சிறிது அரிக்கின்றன. சில எழுத்துகள் கெடுகின்றன. பின்பு வேறொரு நொதி வந்து, எந்த மூலத்தையும் பாராமல், தன் போக்கில் சில எழுத்துகளைச் சேர்க்கிறது. அதன் பின்னரே முனைகள் ஒட்டப்படுகின்றன. மரக்கிளையைப் போலவே ஒரே மூட்டில் கெடுதலும் தோன்றலும் நிகழ்ந்துவிடுகின்றன. பெற்றோரிடமிருந்து வந்த டி.என்.ஏ.வில் இல்லாத எழுத்துகள் இங்கே புதிதாக நுழைகின்றன.

ஓர் இடத்தில் இவ்வுவமை பொருந்தாது. நன்னூல் விதிப்படி மரமும் கிளையும் எத்தனை முறை சேர்ந்தாலும் மரக்கிளைதான். பி செல்லில் அதே வி, அதே டி, அதே ஜே சேர்ந்தாலும் மூட்டு ஒவ்வொரு முறையும் வேறாகிறது. எத்தனை எழுத்து கெடும், எத்தனை தோன்றும் என்பதற்கு வரையறை இல்லை. அதற்கு விலையும் உண்டு. மரபணுவின் எழுத்துகள் மும்மூன்றாகப் படிக்கப்படுபவை. மூட்டில் எண்ணிக்கை பிசகினால் அதன்பின் வருவன யாவும் பொருளற்றுப்போகும். மூன்றில் இரண்டு சேர்க்கைகள் இவ்வாறு பிசகுகின்றன. பயனுள்ள சங்கிலி எதனையும் அமைக்க இயலாத செல் மடிந்துபோகும். பல செல்களை இழந்தே உடல் இப்பன்மையைப் பெறுகிறது.

செல்லரித்த ஏடு

இதுவரை கூறியது கிருமியைக் காணுமுன் நிகழ்வது. கிருமி வந்தபின் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. கிருமியை ஓரளவு பற்றக்கூடிய பி செல்கள் நிணநீர் முடிச்சுகளில் திரண்டு வேகமாகப் பெருகுகின்றன. அப்போது அவற்றின் எதிர்ப்பொருள் மரபணுவில் மட்டும், பிற மரபணுக்களில் நிகழ்வதைப் போல் ஏறத்தாழ 10 லட்சம் மடங்கு வேகத்தில் எழுத்துகள் மாறுகின்றன. இது சடுதிமாற்றம், இலக்கணத்தில் திரிதல். மாறியவற்றுள் கிருமியை முன்னினும் இறுகப் பற்றும் செல் வாழும். தளரப் பற்றுவது மடியும். சில வாரங்களில் எதிர்ப்பொருளின் பிடி பல மடங்கு வலுப்பெறும். குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டையில் ஒரே தடுப்பூசிக்குப் பல தேதிகள் குறிக்கப்பட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேறெங்கும் பிழை நேராமல் காக்கும் செல், இங்கு மட்டும் பிழையை ஏன் பெருக்குகிறது, எப்படிப் பெருக்குகிறது? சிட்னி பிரென்னரும் சீசர் மில்ஸ்டீனும் 1966-இலேயே ஒரு விடை கூறினர். ஏதோ ஒரு நொதி அவ்விடத்தை வெட்டுகிறது. வெட்டைச் செப்பனிடும்போது பிழை நுழைகிறது என்றனர். அந்நொதி எது என்பது 33 ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஹோஞ்சோவின் குழுவினர் 1999-இல் ஏ.ஐ.டி. என்னும் நொதியைக் கண்டறிந்தனர். (எய்ட்ஸ் நோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை, பெயர் ஒலிப்பில் மட்டுமே நெருக்கம்.) இந்நொதி டி.என்.ஏ.வையே நேராக மாற்றுகிறது என்பதைக் கேம்பிரிட்ஜில் மைக்கேல் நியூபெர்கரின் குழு 2002-இல் பாக்டீரியாவில் வைத்துக் காட்டியது. கண்டறிந்த ஹோஞ்சோ நெடுநாள் அதனை ஒப்பவில்லை, அது ஆர்.என்.ஏ. மீதே செயற்படுகிறது என்று வாதிட்டார். அறிவியலில் இத்தகைய வழக்கு குறையன்று.

ஏ.ஐ.டி. செய்வது சிறு வேலை. சைட்டோசின் என்னும் எழுத்தை யுராசில் ஆக்குகிறது. யுராசில் டி.என்.ஏ.வுக்கு உரிய எழுத்தன்று. அதனைக் கண்ட மற்றொரு நொதி அதைப் பெயர்த்தெடுக்கிறது. எழுத்து இருந்த இடம் வெறுமையாகிறது.

செல்லரித்த பனையோலை ஏட்டைப் படியெடுக்கும் ஒருவர் அத்தகைய வெற்றிடத்தைக் கண்டால் என்ன செய்வார்? அதே நூலின் வேறு படி கையில் இருந்தால் அதைப் பார்த்து நிரப்புவார். உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பல படிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்தது இதற்காகவே. வேறு படி இல்லையெனில், அவசரக்காரரான எழுத்தர் தமக்குத் தோன்றிய எழுத்தை இட்டுச் செல்வார். முன்னதில் இரு படிகள் கலந்த புதிய ஏடு பிறக்கும். பின்னதில் எந்தப் படியிலும் இல்லாத பாடபேதம் பிறக்கும். செல்லிலும் இவ்விரு வழிகள் உள்ளன. பக்கத்திலுள்ள ஒத்த மரபணுவைப் பார்த்து நிரப்புவது மறுசேர்க்கையின் ஒரு வகை. பிழை மலிந்த நொதிகளால் தோன்றியபடி நிரப்புவது சடுதிமாற்றம்.

மீண்டும் கோழி

உவமை சரிதானா என்பதைச் சோதிக்கக் கோழியே உதவிற்று. கோழியின் இலகு சங்கிலிக்கு வேலை செய்யும் வி துண்டு ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஜே துண்டும் ஒன்றே. அவை சேர்ந்தால் பன்மைக்கு வழியேது? அவ்வொரு துண்டின் அருகே, தாமாக வேலை செய்ய இயலாத 25 போலி மரபணுக்கள் வரிசையாக உள்ளன. அவற்றின் சிறு பகுதிகள் வேலை செய்யும் துண்டில் படியெடுக்கப்படுகின்றன என்று ஃபிரான்ஸ் நாட்டின் குளோட்-ஆக்னெஸ் ரேனோவும் ழான்-குளோது வெயிலும் அவர்தம் குழுவினரும் 1987-இல் விளக்கினர். இப்படியெடுத்தல் நிகழும் இடம், கிளிக் அறுத்து நீக்கிய அதே பை. அக்கோழிகள் எதிர்ப்பொருளின்றி நின்றதற்குக் காரணம் 30 ஆண்டுகள் கழித்துத் துலங்கிற்று.

ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கோழியின் பி செல்களில், படியெடுக்கத் துணைபுரியும் புரதங்களை 2001-இல் நியூபெர்கர் குழுவினர் செயலிழக்கச் செய்தனர். படியெடுத்தல் குன்றியது, அதே இடத்தில் சடுதிமாற்றம் பெருகியது. 2004-இல் வேறொரு குழுவினர் இன்னும் நேரடியாகச் சோதித்தனர். போலி மரபணுக்களையே நீக்கிவிட்டனர். பார்த்து எழுதப் படி இல்லை. எழுத்தர் தம் மனம்போல் நிரப்பத் தொடங்கினார்: சடுதிமாற்றம் மிகுந்தது. ஏ.ஐ.டி. இல்லாத செல்லிலோ படியெடுத்தலே நிகழவில்லை.

எனவே, மறுசேர்க்கை எதிர்ப்பொருள் மரபணுவில் மாற்றத்தை உண்டாக்குகிறதா என்று வினவினால் விடை இடத்துக்கு இடம் வேறுபடும். வி, டி, ஜே துண்டுகளின் மூட்டில் சேர்க்கையே மாற்றத்தின் தாய். கிருமி வந்தபின் நிகழும் திரிதலில் சேர்க்கையும் மாற்றமும் உடன்பிறப்புகள், ஏ.ஐ.டி. உண்டாக்கும் காயம் இரண்டுக்கும் பொதுத் தாய்.

கத்தி தவறினால்

டி.என்.ஏ.வை வெட்டும் கத்தி உடலுக்குள் இருப்பது அச்சம் தருவது. அது இடம் தவறுவதும் உண்டு. உகாண்டாவில் பணியாற்றிய மருத்துவர் டெனிஸ் பர்கிட், குழந்தைகளின் தாடையில் வேகமாக வளரும் புற்றுக்கட்டியை 1958-இல் விவரித்தார். அக்கட்டியின் செல்களில், 8-ஆம் குரோமோசோமில் இருந்த, செல் பெருக்கத்தைத் தூண்டும் மரபணு, பெரும்பாலும் 14-ஆம் குரோமோசோமில் உள்ள எதிர்ப்பொருள் மரபணுவின் அருகே ஒட்டிக்கொண்டிருப்பது பின்னர்த் தெரியவந்தது. சேரக்கூடாதவை சேர்ந்துவிட்டன.

அப்படியாயின் இக்கத்தி இல்லாதிருப்பதே நலமன்றோ? இல்லாதவர்களும் உள்ளனர். 2000-ஆம் ஆண்டில் ஒரே இதழில் இரு கட்டுரைகள் அடுத்தடுத்து வெளிவந்தன. ஒன்று ஏ.ஐ.டி. நீக்கப்பட்ட எலிகளைப் பற்றி ஹோஞ்சோவின் குழு எழுதியது. மற்றொன்று பாரிசில் ஆன் துராந்தியின் குழு எழுதியது. பிறவியிலேயே அந்நொதி செயற்படாத நோயாளிகளைப் பற்றியது. அவர்களிடம் முதல்வகை எதிர்ப்பொருளான ஐ.ஜி.எம். நிறைய இருந்தது. வலுவான பிறவகைகள் உண்டாகவில்லை. அதனால் பாக்டீரியாத் தொற்று திரும்பத் திரும்ப வந்து நுரையீரலையும் காதையும் தாக்கும். இத்தகைய குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்திற்கு ஒருமுறை எதிர்ப்பொருள் ஏற்றப்படுகிறது. ஆயிரக்கணக்கானோர் கொடையாக அளித்த குருதியின் நிணத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள் அது; அவர்தம் உடல்களில் சேர்ந்தும் திரிந்தும் உருவானது.

அருஞ்சொற்பொருள்

எதிர்ப்பொருள்: கிருமியைப் பற்றிச் செயலிழக்கச் செய்யும் புரதம்
மறுசேர்க்கை: மரபணுத் துண்டுகள் வெட்டுண்டு மீண்டும் சேர்தல்
சடுதிமாற்றம்: மரபணுவின் எழுத்தில் நேரும் மாற்றம்
நொதி: உடலில் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம்
பாடபேதம்: ஒரே நூலின் படிகளுக்கிடையே காணும் சொல் வேறுபாடு
செல்லரித்தல்: கறையான் தின்றழித்தல்
குருதியின் நிணம்: குருதியில் அணுக்கள் நீங்கிய நீர்ப்பகுதி

பயிற்சி

1. செய்முறை தோற்றபின் சாங்கும் கிளிக்கும் செய்த செயல் யாது? அவர்கள் அதனைச் செய்யாதிருந்தால் எது அறியப்படாமல் போயிருக்கும்?

2. பாசல் நகரில் தொனேகாவாவுக்குத் துணைநின்ற அறிவு எது? பாடத்தின் சொற்களைப் பயன்படுத்தாமல் சொந்த நடையில் எழுதுக.

3. பிரித்து எழுதி, தோன்றல், கெடுதல், திரிதல் ஆகியவற்றுள் எவை நிகழ்ந்துள்ளன எனக் குறிப்பிடுக: பூங்கொடி, கற்சிலை, முட்செடி, மரக்கலம். (ஒரு சொல்லில் இரண்டு மாற்றங்கள் உள்ளன.)

4. பி செல்லின் மூட்டுக்கும் சொற்புணர்ச்சிக்கும் உள்ள ஒற்றுமை ஒன்றும் வேற்றுமை ஒன்றும் பாடத்தில் கூறப்பட்டுள்ளன. அவற்றை எழுதுக. பாடத்தில் கூறாத வேற்றுமை ஒன்றைச் சிந்தித்துச் சேர்க்க.

5. போலி மரபணுக்கள் நீக்கப்பட்டபோது சடுதிமாற்றம் ஏன் மிகுந்தது? ஏடு படியெடுக்கும் எழுத்தரின் உவமையைக் கொண்டு விளக்குக.

6. "ஒரே ஊசியை ஏன் மறுபடியும் போடுகிறார்கள்?" என்று ஊரிலுள்ள பாட்டி தொலைபேசியில் கேட்கிறார். அவருக்கு விளங்கும் எளிய தமிழில் பத்து வரிக் கடிதம் எழுதுக. நொதி, சடுதிமாற்றம் ஆகிய சொற்களைப் பயன்படுத்தலாகாது.